கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு யுத்தகாலப் பாஸ்

அந்தப் படிவத்தில் கையெழுத்து வைத்தபோது தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்று பேர் இருந்தோம். நான், தலைமையாசிரியர், பட்டணத்து அருங்காட்சியகத்திலிருந்து வந்த கல்வி அதிகாரி. வேலாயுதம் அண்ணன் இல்லை. அவர் மலையில் தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார்.

அவருடைய பொருளை என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். ஆம்... தெரிந்தேதான் கொடுத்தேன்!

கொழுந்துக் கூடை சுமந்தவள் மகன் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் எழுத்துப் படித்த முதல் ஆள். இருபத்திரண்டு வயதில் தற்காலிக ஆசிரியன். 'யுத்தகாலத்தில் நம் ஊர்' என்று மலைநாட்டுப் பிள்ளைகளுக்கு அந்த அருங்காட்சியகம் ஒரு பாடப் புத்தகம் தயாரிக்கிறது, விவரம் சேகரித்துத் தா என்றார்கள். என் கால் தரையில் பாவவில்லை!

தொழிலாளர் வரிசை வீடுகளில் லயம் லயமாக ஏறி இறங்கினேன். ஃபேக்டரி ஜன்னல்களுக்குக் கறுப்புத் தாள் ஒட்டியது, பதுங்கு குழி வெட்டியது, அரிசி குறைந்து கோதுமை மாவு வந்தது... எல்லாவற்றையும் எழுதினேன்.

எங்கள் அடுத்த காம்பராவில்தான் வேலாயுதம் அண்ணன் குடியிருந்தார். இரண்டாம் உலக யுத்தத்தின்போது திருகோணமலைப் பக்கம் விமானத்தளத்துக்கு மண் வெட்டப் போனவர். இரண்டு வருடம் அங்கே கிடந்தார். அதற்கான பாஸ், பெயரும் பெருவிரல் ரேகையும் முத்திரையுமாக, பிஸ்கட் டின்னுக்குள் இருந்தது.

"ஏன் மாஸ்டர், நான் மண்ணு வெட்டுனதையெல்லாமா புள்ளைங்க படிக்கணும்? பரீட்சையில கேட்டா எம் மகளே பெயிலாயிருவா!" என்று சிரித்தார்.

அவர் மனைவி ராக்கம்மா அண்ணி சிரிக்கவில்லை. "தம்பி, பிரஜாவுரிமை விசாரணைக்கு எங்ககிட்ட அது ஒண்ணுதான் இருக்கு. செக்ரோல்ல அந்த ரெண்டு வருசம் இவங்க பேரே இல்ல. பாத்துக் குடுத்துருங்க."

தோட்டத்துப் பதிவில் பெயரில்லாத காலத்தை, இந்தியாவுக்குப் போயிருந்தான் என்றுதான் விசாரணையில் எழுதுவார்கள். இடைவிடாமல் இங்கேயே இருந்ததைக் காட்டாவிட்டால் இலங்கைப் பிரஜாவுரிமை இல்லை. இது எனக்குத் தெரியாதா? எங்கள் வீட்டு விண்ணப்பத்தை நிரப்பியவனே நான்தானே!

"இரவல் என்று எழுதினால் மேலிடத்து அனுமதிக்கு ஒரு வருஷம் ஆகும், மாஸ்டர். நன்கொடை என்று போடுங்கள். அச்சானதும் நானே கொண்டுவந்து தருகிறேன்" என்றார் அதிகாரி.

உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். அண்ணன் பெயரைப் போட்டால் அவரைக் கூப்பிட்டு ரேகை வைக்கச் சொல்வார்கள், அண்ணி விடமாட்டார். அது மட்டுமா காரணம்? இல்லை... புத்தகத்தில் என் பெயர் அச்சாகுமே!

மாதிரிப் பிரதி ஒன்று எனக்கு வந்தது. நான் எழுதிய நாற்பது பக்கத்தில் ஒரு வரிகூட அதில் இல்லை. 'யுத்தகாலத்தில் தோட்டத் தொழிலாளர் வழக்கம்போல் அமைதியாகக் கொழுந்து பறித்தனர்.' அவ்வளவுதான்! மண் வெட்டப் போனவர்கள் எங்கே? பதினோராம் பக்கத்தில் அந்தப் பாஸின் படம் மட்டும் இருந்தது. கீழே, அன்பளிப்பு என்று என் பெயர்.

பாஸைக் கேட்டு மூன்று கடிதம் போட்டேன். மூன்றாவதற்குத்தான் பதில் வந்தது. 'நன்கொடைகள் திருப்பித் தரப்படமாட்டா.' கையெழுத்திட்டிருந்தவர் அதே அதிகாரி! அந்தக் கடிதத்தை மாதிரிப் பிரதியோடு டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். அண்ணனிடம், "வந்துரும் அண்ணே" என்றேன்.

விசாரணை வந்துவிட்டது. தலவாக்கலையில் பஸ் ஏறி நுவரெலியாவுக்குப் போனோம். எனக்கும் சேர்த்து டிக்கட் எடுத்தவர் அண்ணன்.

"இந்த ரெண்டு வருஷம் எங்க இருந்த?" என்றார் விசாரணை அதிகாரி.

"திருகோணமலையிலங்க ஐயா. பாஸு நம்ம மாஸ்டர்கிட்ட இருக்குங்க." என்னைப் பார்த்து எவ்வளவு நிம்மதியாகச் சிரித்தார்!

உண்மையைச் சொல்லியிருந்தால் தவணை கிடைத்திருக்கும். பாஸ் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. டிரங்குப் பெட்டியில் கிடந்த படத்தைக் காட்டினாலும் வழி பிறந்திருக்கும்! ஆனால் பிறர் பொருளுக்கு நான் உரிமையாளனாகக் கையெழுத்திட்டது வெளியே வரும். என் தற்காலிக வேலை நிரந்தரமாக வேண்டிய மாதம் அது...

"மியூசியத்துல தொலைச்சிட்டாங்க ஐயா" என்றேன்.

அருங்காட்சியகத்து அதிகாரி என்னை ஏமாற்றினார் என்று இத்தனை காலம் எனக்கு நானே சொல்லி வருகிறேன். அது பொய்யில்லை. அன்று நுவரெலியாவில் வாய் திறந்தவன் யார்?

பிறகுதான் பள்ளிக்கூடத்துக்குப் புத்தகக் கட்டு வந்தது. அண்ணனின் மகள் செல்வி என் வகுப்பு. பதினோராம் பக்கத்தை வாசிக்கும் முறை அவளுக்கு வந்தது. படத்திலிருந்த அப்பாவின் பெயரை வாசித்தாள். அதன்கீழ் என் பெயரை வாசித்தாள். நிமிர்ந்து பார்த்தாள். புத்தகத்தை மூடிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாளிலிருந்து அண்ணன் என்னை மாஸ்டர் என்று கூப்பிடுவதில்லை. வழியில் கண்டால் ஒதுங்கி நின்று, "சலாமுங்க ஐயா" என்கிறார், துரைக்குச் சொல்வதைப் போல.

அந்தப் புத்தகத்தை இன்னும் நான்தான் நடத்துகிறேன். விண்ணப்பம் தள்ளுபடி என்ற கடிதத்தை வாசித்துக் காட்டச் சொல்லி என்னிடம்தான் கொண்டுவந்தார்கள், வாசித்தேன். வேலாயுதம், ராக்கம்மா, செல்வி, அவளுக்கு இளைய நான்கு பிள்ளைகள்... எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் போனவர்கள் மொத்தம் ஏழு பேர்.