நிரோஜாவைத் தேடி வெள்ளிமலைக்கு

கல்வராயன்மலைக்கு இதற்கு முன் நான்கு முறை போயிருக்கிறேன், எல்லாம் அருவி பார்க்க. போன சனிக்கிழமை போனது ஒரு பத்தொன்பது வயதுப் பெண்ணைத் தேடி.

நிரோஜா, கள்ளக்குறிச்சியை அடுத்த இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்தவள். ஞாயிறுதோறும் அங்குள்ள பிள்ளைகளுக்கு, செல்போனைப் பாதுகாப்பாகப் பயன்படுத்தச் சொல்லித் தருகிறேன். அன்று காலை 7.10க்கு அவளிடமிருந்து வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷன் வந்தது. கூடவே ஒரு வரி: “அக்கா, அம்மாவிட்ட சொல்லாதேங்கோ. வெளிநாட்டு நர்சிங் படிப்புக்கு இன்டர்வியூ. பஸ்ஸில போறன், வெள்ளிமலையில கார் நிக்குமாம்.”

வெளிநாட்டுப் படிப்புக்கு மலைமேல் நேர்காணலா? கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அவள் அம்மாவுக்கும் போலீசுக்கும் சொல்லிவிட்டு, 7.40க்குத் தியாகதுருகத்திலிருந்து வாடகைக் காரில் கிளம்பினேன். போக வர 2,200 ரூபாய். ஓட்டுநர் செல்வம், மலைப்பாதை பழகியவர்.

கச்சிராயபாளையம் தாண்டியதும், வரைபடத்தில் அவள் இருப்பிடம் காட்டும் புள்ளி நின்றுவிட்டது. கடைசியாகப் புதுப்பித்த நேரம் 8.22 என்று காட்டியது.

“டவர் கெடைக்காதுங்க இங்க. பஸ்ஸு போய்க்கினுதான் இருக்கும், புள்ளி மட்டும் நின்னுகினு இருக்கும். பயப்படாதீங்க” என்றார் செல்வம். ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்தை எட்டிப் பார்த்துக்கொண்டே போனேன்.

வெள்ளிமலை, 9.35. சிக்னல் வந்ததும் புள்ளிக்கு உயிர் வந்தது. ஊரைத் தாண்டி எட்டு கிலோமீட்டர் தள்ளி, வேகமாக நகர்ந்துகொண்டிருந்தது.

“இன்னாங்க, எங்கயோ போய்க்கினு இருக்குது! பின்னாலயே வுட்ரலாமா?”

“வுடுங்க” என்றேன். இரண்டு கிலோமீட்டர் போயிருப்போம், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

“அக்கா, நான் நிரோஜா. போனைப் பறிச்சிட்டாங்கள். நான் காரில ஏறாம ஓடி வந்திட்டன்.”

இத்தனை நேரமும் போனைத் துரத்திக்கொண்டிருந்திருக்கிறேன். காரைத் திருப்பினோம். அவள் வெள்ளிமலைப் பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய டீக்கடையில் இருந்தாள். என் எண் அவளுக்கு மனப்பாடம். கடைக்கார அம்மாவின் போனில் அழைத்திருக்கிறாள்.

“ஓடியாந்துச்சும்மா. பின்னாலயே ரெண்டு பேரு வந்தானுங்க. இன்னாடா வேணும்னு கத்தினேன், போய்ட்டானுங்க” என்றார் அந்த அம்மா.

காரில் வந்தவர்கள் அசல் சான்றிதழும் அகதி அடையாள அட்டையும் கேட்டிருக்கிறார்கள். அவள் படமெடுத்து போனில் வைத்திருந்ததைத்தான் காட்டியிருக்கிறாள். உடனே போனைப் பிடுங்கிக்கொண்டு காரில் ஏறச் சொன்னார்களாம்.

புள்ளியின் இடத்தைப் போலீசுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன். பதினொன்றரைக்குக் காரை மடக்கினார்கள். உள்ளே வேறு முகாம்களைச் சேர்ந்த மூன்று பெண்களின் அட்டைகள் இருந்தன. அவர்களைத் தேடி விசாரித்து, மூவரும் வீட்டில்தான் இருக்கிறார்கள் என்று தெரிய மாலையாகிவிட்டது.

இறங்கும் வழியில் நிரோஜா கேட்டாள்: “அக்கா, அந்தப் படிப்பு உண்மையா இருந்திருந்தா?” முகாமில் பிறந்த அவளுக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது.

மலைக்குப் போகிறவர்கள் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கச்சிராயபாளையத்துக்கு மேல் சிக்னலை நம்பாதீர்கள். புள்ளியைப் பார்க்கும்போது அது எத்தனை மணிக்குப் புதுப்பிக்கப்பட்டது என்றும் பாருங்கள். பிள்ளைகளுக்கு ஒரு எண்ணையாவது மனப்பாடம் செய்ய வையுங்கள்.

இன்னொன்று. காலையில் காரில் ஏறும்போது அவளை நன்றாகத் திட்டத்தான் நினைத்திருந்தேன். அம்மாவிடம்கூடச் சொல்லாததை என்னிடம் சொன்னாளே என்று வாயை மூடிக்கொண்டேன். திட்டியிருந்தால், அடுத்த முறை அந்த லொகேஷன் யாருக்கும் வராது.