துளைக் காளானுக்கு நான் சொன்ன பெயர்

எண்பதுகளின் நடுவில், ஆவடியில் எங்கள் குடியிருப்பு வரிசையில் தாவரவியல் பட்டம் பெற்றவன் நான் ஒருவனே. ரோஜாவில் பூச்சி விழுந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். அந்த மதிப்பை நான் விரும்பினேன்.

ஐப்பசி மழைக்குப் பின் ஒரு ஞாயிறு காலை, எதிர்வீட்டு ஃபிட்டர் பின்புறத் தோப்பிலிருந்து ஒரு கூடைக் காளான் பறித்து வந்தார். பழுப்பு நிறத்தில் தடித்த குடைகள். அடியில் மடிப்புகளுக்குப் பதிலாக ஊசி குத்தியது போன்ற நுண்துளைகள். விஷக் காளானா என்று அறிய, குழாயடியில் கூடியவர்கள் ஊருக்கொரு சோதனை சொன்னார்கள். மதுரைப் பக்கத்து அம்மாள் மஞ்சள் தூளைத் தூவிப் பார்க்கச் சொன்னார். தஞ்சாவூர்க்காரர், காளான் கொதிக்கும் நீரில் போட்ட வெள்ளிக் கொலுசு கறுக்காவிட்டால் போதும் என்றார்.

“அதெல்லாம் வுடுங்க. காலேஜி படிச்ச சார் கீறாரே, அவரு சொல்லட்டும்,” என்றார் ஃபிட்டரின் மனைவி.

“இது போலீட்டஸ். தாராளமா சாப்பிடலாம்,” என்றேன். சோதனைகளை மூடநம்பிக்கை என்று தள்ளினேன். கல்லூரிப் பாடநூலில் துளையுள்ள காளான் என்று போலீட்டஸின் ஒரே ஒரு படம்தான் பார்த்திருந்தேன்.

மாதிரிக்கென எடுத்து வந்த ஒன்றை வீட்டில் நறுக்கினேன். வெளிர்மஞ்சள் சதை கண்ணெதிரே நீலமாயிற்று. பாடநூலைப் புரட்டினேன். படத்திலிருந்த இனத்தை வெட்டினால் சதை வெண்மை மாறாது என்றிருந்தது. ஆகவே இது அதுவன்று. எதுவென்றும் எனக்குத் தெரியவில்லை. எதிர்வீட்டில் தாளிக்கும் மணம் எழுந்தது. அவர்களுக்கு இரண்டு சிறு பெண்கள்.

சட்டையை மாட்டிக்கொண்டே, பெயர் கெடாத ஒரு காரணத்தைத் தேடினேன்.

“இன்னா சார், வாசனை புட்சிகினு வந்துட்டீங்களா? உக்காருங்க,” என்றார் ஃபிட்டரின் மனைவி, நான் எதிர்வீட்டுக்குள் நுழைந்ததும்.

“தோப்புல பூச்சிமருந்து அடிச்சிருக்காங்களாம். வேண்டாம்.”

“அதுக்கின்னா சார், மூணு தண்ணில கய்வி எட்த்துட்டேன்.”

பெண்கள் இருவரும் தட்டின் முன் அமர்ந்திருந்தனர். வேறு வழி இருக்கவில்லை.

“நான் காலையில சொன்னது தப்பு. இது என்ன காளான்னு எனக்குத் தெரியாது.”

ஃபிட்டர் சிரித்தார். “கொலுசாவது போட்டுப் பாத்திருக்கலாம் போல கீதே சார்!”

கொலுசும் இதைக் காட்டித் தந்திராது என்று நான் விளக்கப் போகவில்லை. அந்த அம்மாள் சட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனார். அவர் அதைக் குழியில் கவிழ்த்து மண்ணைத் தள்ளும்வரை நின்றிருந்துவிட்டு வீடு திரும்பினேன்.