யார் சொல்லி வந்தீங்க?

விழுப்புரத்தில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் என் அக்கா பதினெட்டு வருஷம் நின்றாள். வேலை பார்த்தாள் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் அங்கே வேலை என்பதே நிற்பதுதான். சேலையைப் பிரித்துப் போட நிற்க வேண்டும், மடித்து வைக்க நிற்க வேண்டும், கடையில் ஈ காக்கை இல்லாவிட்டாலும் யாராவது வருவார்கள் என்று நிற்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே நரம்பெல்லாம் பச்சை பச்சையாகச் சுருண்டு புடைத்துவிட்டது. முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரியில் காட்டினோம். "இனிமே ரொம்ப நேரம் நிக்கக் கூடாது" என்றார் டாக்டரம்மா. "சரிங்க" என்று சொல்லிவிட்டு அக்கா அங்கிருந்தே பஸ் பிடித்துக் கடைக்குப் போய் நின்றாள்.

அந்த வேலையை விடச் சொன்னது நான்தான். திண்டிவனத்தில் என் வீட்டு முன் அறையில் ஆன்லைன் கடை ஆரம்பித்திருந்தேன். செக்கு எண்ணெய், வறுத்த மல்லாட்டை, கேப்பை மாவு. பத்து வருஷம் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஊராருக்கெல்லாம் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவள் என்பதால், கம்ப்யூட்டரில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று எனக்கு ஒரு நினைப்பு. "வா அக்கா, உக்காந்துக்கினு பேக்கிங் பண்ணு, போதும்" என்றேன். தினமும் விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் வர ஆரம்பித்தாள்.

அவள் கணக்கு முடிக்கப் போன அன்று கடை சூப்பர்வைசர் ஒரு கெடு வைத்தார். "ஆடித் தள்ளுபடிக்கு ஆள் வேணும். அது வரைக்கும் உன் எடத்த யாருக்கும் குடுக்கல. ஆடிக்குள்ள வந்துட்டா சரி, அதுக்கு மேல இந்தப் பக்கமே வராத." அப்போது சித்திரை. மூன்று மாதத்துக்குள் என் கடை ஓடினால் அக்கா உட்காருவாள். ஓடவில்லை என்றால் மறுபடியும் நிற்பாள். வேறு திட்டம் எதுவும் எங்களிடம் கிடையாது.

முதல் மாதம் சொந்தக்காரர்கள் வாங்கினார்கள். பாதிப் பேர் இரக்கத்தில், மீதிப் பேர் குறை சொல்வதற்காக. சொந்தக்காரர்கள் தீர்ந்ததும் ஆர்டரும் தீர்ந்தது. சரி, தள்ளுபடி கொடுக்கலாம் என்று நூற்றுக்குப் பத்து குறைத்து, அதற்கு ஒரு குறியீடும் வைத்தேன்; பணம் கட்டும்போது ஒரு கட்டத்தில் அதை எழுதினால்தான் விலை குறையும். வேர்க்கடலை என்று ஊரெல்லாம் சொல்லட்டும், நம் ஊரில் அது மல்லாட்டை. அதையே ஆங்கில எழுத்தில் போட்டுப் பக்கத்தில் பத்து என்று சேர்த்தேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டு, அன்றைக்கு சாயங்காலம் பஜ்ஜி போட்டுத் தின்றேன்.

தள்ளுபடி இருக்கிறது என்று கடலோரம் மரக்காணம் வரை சேதி போயிற்று. ஜனங்கள் வந்தார்கள். எண்ணெயையும் மாவையும் கூடையில் போட்டார்கள். பணம் கட்டும் இடம் வரைக்கும் வந்தார்கள். அங்கிருந்து ஓடிப் போனார்கள். தினமும் கம்ப்யூட்டரில் வரிசையாக நிரம்பிய கூடைகள், வாங்க ஆளில்லாமல். எனக்கு ஒன்றும் புரியவில்லை. விலை அதிகமோ, படம் சரியில்லையோ என்று பாட்டிலை ஜன்னல் ஓரம் வைத்து இருபது படம் எடுத்தேன்.

அப்புறம் மரக்காணத்திலிருந்து ஒரு பெரியவர் போன் பண்ணினார். "இன்னாம்மா, நீ சொன்னதத்தான் எழுதறேன். 'தவறான குறியீடு'ன்னு செவப்புல காட்டுது. என்னை இன்னா திருடன்னு நெனச்சிக்கினியா?"

அவர் சொன்ன பிறகுதான், தப்பாகப் போன குறியீடுகளைப் பதிவு செய்யும் ஒரு பக்கம் இருப்பது நினைவு வந்தது. திறந்தேன். மல்லாட்டையை ஆங்கிலத்தில் இத்தனை விதமாக எழுதலாம் என்று எனக்குத் தெரியாது. ஒரு எல், இரண்டு எல், ஒரு டி, இரண்டு டி, கடைசியில் ஐ, கடைசியில் ஈ. ஒருவர் தமிழிலேயே எழுதியிருந்தார். ஒருவர் மணிலா என்று போட்டிருந்தார், அவர் ஊரில் மல்லாட்டைக்கு அதுதான் பேராம். ஒருவர் தன் போன் நம்பரைப் போட்டிருந்தார். தினமும் வாயில் புரளும் ஒரு சொல்லை வைத்தே நான் இவர்களைப் பரீட்சை எழுத வைத்து, எல்லாரையும் ஃபெயிலாக்கியிருந்தேன்.

அதைவிட வேடிக்கை, நிறையப் பேர் அந்தக் கட்டத்தில் குறியீடே எழுதவில்லை. 'ஆஸ்பத்திரி நர்ஸம்மா சொன்னாங்க.' 'டைலர் அக்காவுக்குத் தெரிஞ்சவங்க.' 'குயிலாப்பாளையத்துல உங்க சித்தப்பா வீட்டுக்கு எதிர் வீடு.' இப்படியே போயிற்று. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

"இதுல சிரிக்க இன்னா இருக்குது?" என்றாள். "சரியாத்தானே எழுதியிருக்காங்க?"

எனக்கு எரிச்சல். மூளையைக் காட்டும் வேகத்தில், கட்டத்தையே தூக்கிவிட்டேன். யாரும் எதுவும் எழுத வேண்டாம், பணம் கட்டும்போது தானாகவே நூற்றுக்குப் பத்து குறையும். இதைவிடச் சுலபமாக இந்த உலகத்தில் யாரும் தள்ளுபடி கொடுக்க முடியாது என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். நைட்டிக்குக் காலர் இல்லை, அது வேறு விஷயம்.

மறுநாளிலிருந்து போன் வர ஆரம்பித்தது. "கேக்காமயே கொறைச்சிருக்கியே, எண்ணெய் பழசா?" "ஏத்திட்டு எறக்கறீங்களா?" மயிலத்திலிருந்து பேசிய ஒரு அம்மா இன்னும் தெளிவு. "நான் கேட்டிருந்தா இன்னும் கொறைச்சிருப்பல்ல? கேக்க வுடாம பண்ணிட்ட." கூடைகள் பழையபடி அநாதையாகக் கிடந்தன. வைகாசி முடிந்து ஆனி பிறந்தது. ஒருநாள் விழுப்புரத்தில் அவள் வீட்டுக்குப் போனேன், பீரோவிலிருந்து கடை யூனிஃபார்ம் சேலையை எடுத்துத் துவைத்துக் காயப்போட்டிருந்தாள். அதைக் கொடியில் பார்த்தேன். பதினெட்டு வருஷ வேலையை விடவைத்து அவளைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மறுநாள் பேக்கிங் பண்ணும்போது அவளிடம் முதன்முறையாக யோசனை கேட்டேன். அதுவரைக்கும் கேட்கவில்லை என்பது எனக்கு அவமானம்தான். அவள் டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தபடியே சொன்னாள்.

"கடைக்குப் பொடவ எடுக்க வர்றவங்க மொதல்ல இன்னா சொல்லுவாங்க தெரியுமா? 'இன்னார் சொல்லி வந்தோம், பாத்துப் போடுங்க'ன்னு சொல்லுவாங்க. அங்க ஒட்டுன வெலதான், ஒரு ரூபா கொறைக்க முடியாது. அவங்களுக்கும் அது தெரியும். இருந்தாலும் கேப்பாங்க. நாங்க ஒரு கட்டப்பைய சேத்துக் குடுப்போம். மூஞ்சி அப்படியே மலந்துடும். நீ கொறைச்சுக் குடுக்கற, நல்லதுதான். ஆனா அவங்க கேக்கறதுக்கு ஒரு எடம் வேணாவாடி?"

மறுபடியும் கட்டத்தை வைத்தேன். குறியீடு, பத்து, எல், டி எல்லாம் போயிற்று. கட்டத்துக்கு மேலே ஒரே ஒரு கேள்வி: 'யார் சொல்லி வந்தீங்க?' எது எழுதினாலும் தள்ளுபடி உண்டு. எழுதியதும் கீழே, 'உங்களுக்காகப் பாத்துப் போட்டிருக்கோம்' என்று வரும். அந்த வாக்கியம் அக்காவுடையது. நான் இலக்கணம் திருத்தப் போனேன், கையில் ஒரு அடி விழுந்தது.

அப்புறம் எங்கள் பகல்கள் அந்தக் கட்டத்தைப் படிப்பதில் கழிந்தன. 'ஆஸ்பத்திரியில் பக்கத்து பெட்டில் இருந்தவர்.' 'பொண்டாட்டி சொன்னாள், வேறு வழி?' 'என் நாத்தனார். அவளோடு எனக்குப் பேச்சு இல்லை, ஆனால் எண்ணெய் விஷயத்தில் பொய் சொல்ல மாட்டாள்.' ஒருவர், 'மயிலம் முருகர்' என்று எழுதியிருந்தார். "அவருக்கு கமிஷன் அனுப்பணுமா?" என்று கேட்டாள் அக்கா. ஒருவர், 'யாரும் சொல்லவில்லை, நானே வந்தேன், அதற்காகத் தள்ளுபடி கிடையாதா?' என்று சண்டைக்கே வந்திருந்தார். அவருக்கும் பாத்துப் போட்டோம்.

பணம் கட்டினார்கள், கூடைகள் காலியாகின. இதற்காகச் சொர்க்கவாசல் திறந்துவிட்டது என்று எழுத மாட்டேன். ஜவுளிக்கடை கொடுத்த சம்பளத்தை அக்காவுக்கு நான் கொடுக்க இன்னும் கொஞ்சம் தூரம் இருந்தது. அது அவளுக்கும் தெரியும்.

ஆடி பிறக்க மூன்று நாள் இருக்கும்போது, மத்தியானம், அவள் போன் அடித்தது. சூப்பர்வைசர். கால் நீட்டி உட்கார்ந்து மாவுப் பொட்டலம் ஒட்டிக்கொண்டிருந்தவள், பேரைப் பார்த்ததும் விறுக்கென்று எழுந்து நின்று எடுத்தாள்.

"சொல்லுங்க சார்."

அவர் குரல் எனக்கே கேட்டது. "வெளாட்டெல்லாம் முடிஞ்சிச்சாம்மா? நாளைக்கு வந்துடு. மூணாவது மாடி, பட்டு செக்‌ஷன்."

நான் பாட்டில் மூடியைத் திருகுவதை நிறுத்திவிட்டேன். போகாதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

"இல்லீங்க. நான் வரல."

"யோசிச்சிக்க. அப்பறம் எங்கிட்ட வந்து நின்னா எடம் கெடையாது."

"வந்து நிக்க மாட்டேங்க" என்றாள் அக்கா.

போனை வைத்தாள். அறை நடுவில், கையில் போனோடு, கடையில் நிற்பது போலவே விறைப்பாக நின்றுகொண்டிருந்தாள். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"அக்கா, உக்காரு."

குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

"ஐயே, போன்ல பேசறதுக்கு எதுக்குடி எழுந்தேன்?" என்றாள். அப்புறம் உட்கார்ந்தாள்.