பட்டைச் சக்கரம்

என் மூத்த மகள் பிறந்து இரண்டு சாமை அறுப்பு கண்டுவிட்டாள். கால் மட்டும் வரவில்லை. பிடித்து நிறுத்தினால் நிற்பாள், விட்டால் பொத்தென்று உட்காருவாள். ஊரில் அவளுக்குப் பின்னால் பிறந்ததுகளெல்லாம் ஓடித் திரிந்தன. எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. களை எடுக்கப் போனாலும் பாதியில் திரும்பி வந்து அவள் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன்.

மலைமேல் திண்ணனூர் நாட்டில் சரிவான இடத்தில் எங்கள் வீடு. அப்போது மலைக்கு ரோடு கிடையாது. என் வீட்டுக்காரர் மிளகு மூட்டையைச் சுமந்துகொண்டு காளப்பநாயக்கன்பட்டிக்கு நடந்தே இறங்குவார். அங்கே ஒரு கடைக்கார சாயபு வீட்டு வாசலில் குழந்தை ஒன்று நடைவண்டி தள்ளிப் போவதைப் பார்த்திருக்கிறார். வந்த வேகத்தில் சோறுகூடத் தின்னாமல், காற்றில் முறிந்து கிடந்த பலாக்கிளையை இழுத்து வந்து போட்டார்.

வண்டி நன்றாகத்தான் அமைந்தது. கனத்த அடிப்பலகை, குழந்தை பிடிக்க ஒரு குறுக்குக் கட்டை, மூன்று சக்கரம். சக்கரத்தை வழவழவென்று இழைத்து, அச்சுக்கு விளக்கெண்ணெய் விட்டு, விரலால் சுழற்றிக் காட்டிச் சிரித்தார். அவர் பார்த்தது கீழ்நாட்டுத் தெரு, சமதரை. எங்கள் வாசலில் குழந்தை கட்டையைப் பிடித்ததும் வண்டி சரிவில் பாய்ந்தது. அவளையும் இழுத்துக்கொண்டு போய்க் கல்லில் மோதியது. தாடை கிழிந்துவிட்டது. அதற்கப்புறம் வண்டியைக் கண்டாலே வீறிட்டு அழுவாள்.

கால் வராத பிள்ளைக்கு வண்டி ஒரு கேடா, இடுப்பில் வைத்தே காலத்தை ஓட்டு என்று என் நாத்தனார் சொல்லிவிட்டுப் போனாள்.

சக்கரத்தின் உருட்டைக் குறைக்கச் சொல்லி வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

“ஏம்புள்ள, வட்டமில்லாத சக்கரம் எங்கயாச்சும் உண்டா? ஊரே சிரிக்கும்.”

“சிரிக்கட்டுங்க. சிரிக்கறவங்க புள்ளையெல்லாம் நடக்குதுங்க.”

அவர் எழுந்து போய்விட்டார். மறுநாள் அவர் சோளக்காட்டுக்குப் போன பிறகு வாய்ச்சியை எடுத்தேன். எங்கள் ஊரில் பெண்கள் மரம் செதுக்கும் வாய்ச்சியைத் தொடுவதில்லை, தொட்டால் கூர் போய்விடும் என்பார்கள். போனால் தீட்டிக்கொள்ளட்டும் என்று உட்கார்ந்தேன். சக்கரத்தின் விளிம்பைச் சுற்றிலும் பட்டை பட்டையாகச் செதுக்கித் தள்ளினேன். இப்போது வண்டி ஒவ்வொரு பட்டையிலும் உட்கார்ந்து எழுந்துதான் நகரும். சரிவில் விட்டாலும் அப்படியே நின்றது.

திரும்பி வந்தவர் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாய்ச்சியின் கூர்முனையைக் கட்டைவிரலால் தடவினார். நான் கோணலாகச் செதுக்கியிருந்த ஒரு பட்டையை மட்டும் சரி செய்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

குழந்தை கிட்டே வர வேண்டுமே. பலகைமேல் வாழைப்பழத்தை வைத்துவிட்டு மறைந்து நின்றேன். தவழ்ந்து வந்தாள், கட்டையைப் பிடித்து எழுந்தாள், பழத்தை எட்டும்போது வண்டியை இடித்தாள். ‘கடக்’கென்று ஒரு பட்டை புரண்டு நின்றது. அவளும் நின்றாள். பழத்தை மறந்துவிட்டு மறுபடி தள்ளினாள். அப்புறம் பொழுதுக்கும் வாசலில் கடக், கடக் என்று அந்தச் சத்தம்தான். அது கேட்டுக்கொண்டிருக்கிறவரை எனக்கு வேலை ஓடும்.

ஒரு நாள் சாமை குத்திக்கொண்டிருந்தபோது சத்தம் நின்றது. உலக்கையைப் போட்டுவிட்டு ஓடினேன். வாசலில் வண்டி மட்டும் நின்றது. வாழைக் கூட்டத்துக்கு அப்பால், ஓடைக்கு இறங்கும் தடத்தில், கையில் எதையும் பிடிக்காமல் போய்க்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் திடுக்கிட்டு விழுந்துவிடுவாளோ என்று வாயைப் பொத்திக்கொண்டு இறங்கினேன். கீழேயிருந்து நாத்தனார் தண்ணீர்க் குடத்தோடு ஏறி வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தூக்கப் போன என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“உடு, போவட்டும்” என்றாள் மெதுவாக. அவள் கண்ணில் தண்ணீர்.

மகள் எங்கள் இரண்டு பேரையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடது காலைக் கொஞ்சம் வெளியே போட்டுப் போட்டு எங்களைத் தாண்டி இறங்கினாள். நான் பின்னாலேயே ஓடினேன். அதற்கப்புறம் எனக்கு உட்கார நேரம் இருந்ததில்லை.