கட்டாரில் இருந்து வந்த மழை

போன கிழமை விடியக்காலை செங்கலடிச் சந்தியில் கொழும்பு பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தேத்தண்ணிக் கடை வாசலில் மூன்று பேர்… மூன்று போன்… மூன்று மழை!

ஒருவர் ஐரோப்பாக்காரனின் வானிலை மொடலை நம்புகிறவர். "பின்னேரம் ஊத்தும்" என்கிறார். மற்றவர் அமெரிக்காக்காரனின் ஆள். "ஒரு துளி விழாது" என்கிறார். மூன்றாமவர் பேஸ்புக்கில் யாரோ போட்ட நீலமும் சிவப்புமான படத்தை நீட்டிக்கொண்டு, "இது சூறாவளியேதான். பெண்டு புள்ளையளைக் கூட்டிக்கொண்டு எங்கயாவது போய்ச் சேருங்கப்பா" என்று எல்லாரையும் பயம் காட்டுகிறார். கடைக்குள்ளே வானொலி வழக்கம்போல தன்பாட்டில் சொல்கிறது: "கிழக்கு மாகாணத்தின் சில இடங்களில் மழை பெய்யக்கூடும்."

எந்தச் சில இடம்? அதைத்தானே ஐயா நாங்களும் கேட்கிறோம்! வயல் விதைத்தவனுக்கு, தோணி வைத்திருக்கிறவனுக்கு, உடுப்புத் தோய்க்கலாமா வேண்டாமா என்று வாளியோடு நிற்கிற என்னைப் போன்றவளுக்கு… "சில இடம்" என்றால் என்னத்தை விளங்குகிறது? ஒவ்வொரு மாரிக்கும் இந்த வரியைக் கேட்டுச் சிரிக்கிறவள் நான். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. பூமணி மாமியின் நினைவு வந்துவிட்டது.

ஏனென்றால் எங்கள் ஒழுங்கைக்கு மழை அறிவிப்பு வானொலியில் இருந்து வரவில்லை. கட்டாரில் இருந்து வந்தது.

பூமணி மாமி எங்கள் பக்கத்து வளவு. புருசன் செத்துப் போய்க் கனகாலம். ஒரே மகள் புவனா. வாவிக் கரையில் எங்கள் வீடுகள். மாமியின் பிழைப்பு கூனி காயவைப்பது. கூனிச் சம்பலைப் பற்றி ஒருக்கா இந்தப் பத்தியில் எழுதி உங்களில் பாதிப் பேரின் வாயில் எச்சில் ஊற வைத்தேனே… ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கூனி மாமியின் பன்புல்லுப் பாயில் காய்ந்ததுதான்.

கூனி சின்னஞ்சிறிய இறால். வெயில் பட்டால் சருகு மாதிரிக் காயும். அரைவாசி காய்ந்ததில் மழை பட்டால் அவ்வளவுதான். நாறிப் போகும், வாரிக் கொட்டவேண்டியதுதான். மாரி காலத்தில் எங்கள் பக்கம் வெயில் என்பது வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற விருந்தாளி. அது எப்போது வரும், எவ்வளவு நேரம் இருக்கும்… மாமிக்கு அது தெரிந்தாக வேண்டும்.

புவனா கட்டாரில் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கிற வேலைக்குப் போனாள். போன முதல் மாரியிலேயே போனில் முகில் படம் பார்க்கப் பழகிவிட்டாள். கடலுக்கு மேலே முகில் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது, கரைக்கு வர எவ்வளவு நேரம்… எல்லாம் பார்த்து, நாங்கள் வெள்ளாப்பில் எழும்பிக் கதவு திறக்கிற நேரத்துக்கு மாமியின் வட்ஸ்அப்புக்கு ஒரு வொய்ஸ் வந்துவிடும்.

"அம்மா, இண்டைக்குப் பகலைக்கு மட்டும்தான் வெயில். பின்னேரம் மூடும். நேரத்தோட பாயைச் சுருட்டுங்க."

மாமிக்குக் காது கொஞ்சம் மந்தம். போனை முழுச் சத்தத்தில் விடுவார். ஒழுங்கை முழுக்கக் கேட்கும். நான் உடுப்புத் தோய்ப்பேன். எதிர் வீட்டில் நெல் அவிப்பார்கள். என்ர மனுசன் "கட்டார் வானிலை நிலையம் என்னவாம்?" என்று கேட்டுவிட்டுத்தான் வேலைக்குக் குடை எடுப்பார்.

ஒருநாள் புவனாவிடம் கேட்டேன். "ஏன்டி, இஞ்ச விடியிற நேரம் அங்க சாமம் மூண்டு மணி எல்லோ? நித்திரை கொள்ளமாட்டியா?"

"படுத்தாலும் அம்மா கூனியை நனைய விட்டுடுவாவோ எண்டுதான் யோசினை அக்கா" என்றாள்.

எப்போதும் சரியாகச் சொன்னாள் என்றும் இல்லை. ஒருநாள் வெயில் என்றாள். மாமி எல்லாப் பாயையும் விரித்தார். சோனாவாரியாய் அடித்து ஊற்றியது. நான் ஓடிப்போய் அள்ளக் கை கொடுத்தேன். கூனி முழுக்கப் போய்விட்டது. "என்ன மாமி, உங்கட மகள் இப்பிடிக் கவிழ்த்துப்போட்டாளே" என்றேன். மாமிக்கு வந்ததே கோபம்!

"அவள் சொன்னது சரி. மழைக்குத்தான் தெரியல்ல" என்றார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மாமி ஒருநாளும் மகளிடம் "சாப்பிட்டியா, சுகமா இருக்கியா" என்று கேட்டு நான் கேட்டதில்லை. மகளும் கேட்டதில்லை. மழை வருமா, வராதா… பாயை விரி, பாயைச் சுருட்டு. இவ்வளவுதான் அவர்களின் கதை. என்ன தாயும் மகளும் இதுகள் என்று நான் எரிச்சல்பட்டிருக்கிறேன். இப்போது யோசித்தால்… வாயைத் திறந்து அன்பைச் சொல்ல வெட்கப்படுகிற சனம் நாங்கள். எங்களுக்கு மழை ஒரு நல்ல சாட்டு.

இந்த மாரியில் மாமி போய்விட்டார். காலையில் பாயை உதறிக்கொண்டு நின்றவர், நெஞ்சு நோகுது என்று குந்தினார். ஓட்டோ வந்து சேர முதல் எல்லாம் முடிந்தது.

புவனாவுக்கு நான்தான் சொன்னேன். அந்த அழுகையை எழுத என்னால் ஏலாது. வர வழி இல்லை. வேலை செய்கிற வீட்டுக்காரர் வெளிநாட்டில். பாஸ்போட் அவர்கள் கையில். கடைசியாக வீடியோவில் பார்ப்பது என்று முடிவாயிற்று. போனைப் பிடிக்கிற வேலை எனக்கு.

அன்றிரவு முழுக்க மழை. காற்றில் முற்றத்துத் தறப்பாள் கிழிந்து தொங்கியது. விடிந்தும் விடவில்லை. மாமியின் அண்ணன் கணபதிப்பிள்ளை மாமாதான் செத்தவீட்டுக்குப் பொறுப்பு. அவரைப் பற்றி என்ன சொல்ல? வாயைத் திறந்தால் ஏச்சு. சிரித்து நான் கண்டதில்லை. அவருக்கு வேறு ஒரு யோசனை. சவக்காலைக்குப் போகிற பாதையில் தாழ்வான பாலம் மாதிரி ஒரு தாம்போதி இருக்கிறது. மேலே கரடியனாற்றுப் பக்கம் பெய்த மழைத் தண்ணீர் அன்றைக்குப் பின்னேரம் எங்களிடம் வந்து சேரும். வந்தால் தாம்போதிக்கு மேலால் தண்ணீர் பாயும். அதற்கு முதல் எடுத்தாக வேண்டும்.

"எப்ப மழை விடும் எண்டு புள்ளையைக் கேள்" என்றார் என்னிடம்.

தாயின் பெட்டியை எப்போது எடுக்கலாம் என்று மகளிடம் கேட்கவேண்டும். கேட்டேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு படத்தைப் பார்த்தாள். "பகல் திரும்பினாப் பிறகு விடும் அக்கா" என்றாள்.

அப்படியே விட்டது. முகில் கலைந்து பளிச்சென்று வெயில் அடித்தது. முற்றத்துத் தண்ணீரெல்லாம் மினுங்கியது. பறைமேளம் தொடங்கியது. பெட்டியை மூட மூடியைக் கொண்டுவந்தார்கள். தூக்குகிறவர்கள் வந்து நின்றார்கள். நான் போனை மாமியின் முகத்துக்குக் கிட்டப் பிடித்தேன்.

எங்கள் ஊரில் பெண்கள் வளவு வாசல் கடப்படியோடு நின்றுவிடவேண்டும். அதற்கு அங்கால் ஆம்பிளைகள்தான் போவார்கள். போனும் என் கையில்; போனும் கடப்படியோடு சரி. அது புவனாவுக்கும் தெரியும்.

அப்போதுதான் போனுக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

"எடுக்காதீங்க! இப்ப எடுக்காதீங்க… மழை வருது. கடலுக்குள்ள ஒண்டு நிக்குது. பெரிய மழை."

எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு ஒரு முகில் துண்டுகூட இல்லை. கிழக்கே கடற்பக்கம் கழுவி விட்டமாதிரிக் கிடந்தது. என்ர மனுசன் தன்னுடைய போனைத் தட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார். ஒன்றும் இல்லை.

அந்த நேரம் பார்த்து ஓட்டோக்காரர் ஒருவர் வந்து மாமாவின் காதுக்குள் சொன்னார். எனக்கும் கேட்டது. "தாம்போதியில முழங்கால் அளவு வந்திட்டு. இனிச் சுணங்க ஏலாது."

மாமா என்னிடம் வந்தார். முகம் இறுகிப்போயிருந்தது. கடவுளே, பிள்ளையை ஏசிப் போடாதீங்க என்று மனசுக்குள் கும்பிட்டேன். அவர் போனைப் பார்த்துக் குனிந்தார்.

"எவ்வளவு நேரம் புள்ள?"

"கொஞ்ச நேரம் மாமா… கொஞ்ச நேரம்தான்… பெருசா வருது மாமா…"

மாமா நிமிர்ந்தார். சுவரில் சாத்தியிருந்த குடையை எடுத்தார். விறாந்தைப் படியால் இறங்கி முற்றத்து நடுவில் போய் நின்று அதை விரித்தார். மழைக்கு நிற்கிறமாதிரியே தோளை ஒடுக்கிக்கொண்டு நின்றார். என் கையில் இருந்த போனும் என்னை அறியாமல் அவர் பக்கம் திரும்பியிருந்தது.

"ஓம் புள்ள, தூறத் துவங்கிட்டு" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். பிறகு தூக்க வந்தவர்களைப் பார்த்து ஏசினார். "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறயள்? விட்டிட்டு அங்கால போங்க. மழை விட எடுக்கலாம்."

மேளம் நின்றது. எதிர் வீட்டுக்காரர் தன்னுடைய குடையை விரித்தார். பிறகு இன்னொருவர். அந்தக் கொளுத்துகிற வெயிலில் அவர்கள் குடைக்குக் கீழே நின்றார்கள்.

போனைத் திரும்ப மாமியின் முகத்துக்குக் கிட்டப் பிடித்தேன்; புவனா தாயோடு கதைத்தாள். அம்மா என்று கதறுவாள், என்னை விட்டுப் போனீங்களே என்று ஒப்பாரி வைப்பாள் என்று நினைத்தேன். இல்லை. காலையில் வருகிற வொய்ஸ் மாதிரியே மெதுவாகச் சொன்னாள்.

"அம்மா… நாளைக்கு வெயில்தான் அம்மா. முழு நாளும் வெயில். நீங்க அவதிப்படாதீங்க. எல்லாப் பாயும் விரிக்கலாம்."

போன் என் கையை விட்டு நழுவப் பார்த்தது. இரண்டு கையாலும் பிடித்தேன். அழுதேன். வெட்கமில்லாமல் சத்தமாகவே அழுதேன்.

எவ்வளவு நேரம் போயிற்றோ தெரியாது. கடைசியில் அவளே சொன்னாள். "மாமா… மழை விட்டிட்டு. எடுங்க."

மாமா குடையை மடக்கினார். நனையாத குடையை இரண்டு தரம் உதறினார். பிறகு பெட்டியைத் தூக்க முன்னால் போய்த் தோளைக் கொடுத்தார். கடப்படியோடு நாங்கள் நின்றோம். போனில் புவனா பார்த்துக்கொண்டே இருந்தாள், அவர்கள் வளைவில் திரும்பும் மட்டும்.

பொழுதுபடத்தான் ஆம்பிளைகள் திரும்பி வந்தார்கள். என்ர மனுசனுக்கு நெஞ்சளவுக்குச் சேறு. தாம்போதியில் தண்ணீர் ஏறிவிட்டதாம். கயிறு கட்டி, பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, ஆளை ஆள் பிடித்துக்கொண்டு கடந்தார்களாம். மாமா நடுவில் கால் வழுக்கிக் கழுத்தளவு தாழ்ந்தாராம். பெட்டியை விடவில்லையாம். கொஞ்சம் முந்தி எடுத்திருந்தால் கால்தான் நனைந்திருக்கும். இதைப் புவனாவுக்குச் சொல்லக்கூடாது என்று மாமா எல்லாரிடமும் சத்தியம் வாங்கியிருந்தார்.

அந்தப் புவனாதான் போன கிழமை கொழும்பு பஸ்ஸில் வந்து இறங்கினாள். வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டாள். நேரே வீட்டுக்குப் போனோம். சுருட்டி வைத்தபடியே கிடந்த தாயின் பாய்களைத் தொட்டுப் பார்த்தாள். அழவில்லை. மாமா வந்து விறாந்தையில் இருந்தார். வந்தவளைப் பார்த்து, "மெலிஞ்சு போனாய்" என்றார். அவரைப் பொறுத்தவரை அதுவே பெரிய பேச்சு.

புவனா தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்துவிட்டு அவருக்கு முன்னால் நிலத்தில் இருந்தாள்.

"மாமா, அண்டைக்கு மழை பெய்யல்லத்தானே?"

"ஆர் சொன்ன?"

"நீங்க குடை பிடிச்சு நிண்ட நேரம்… உங்கட நிழல் முத்தத்தில விழுந்து கிடந்ததைக் கண்டன் மாமா. மழைக்குள்ள எப்பிடி நிழல்?"

மாமா தேத்தண்ணிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வழக்கமான அந்த ஏச்சுக் குரலில் சொன்னார்:

"உனக்குப் போனுக்குள்ளால என்ன தெரியும்? தூறினது புள்ள. நனைஞ்சது நான். எனக்குத் தெரியாதா?"

புவனா அவருடைய முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அவர் கோப்பையைக் கீழே வைக்காமல், மற்றக் கையை அவள் தலையில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

"சில இடங்களில் மழை பெய்யக்கூடும்" என்று வானொலி சொன்னால் நான் இப்போது சிரிக்கிறதில்லை… அதில் ஒரு இடத்தை எனக்குத் தெரியும்.