அக்கா குடித்த பெலிமல்

எங்கள் அக்கா கண்மூடி ஓராண்டு நிறையும் இந்நாளில், இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினருக்கும் நண்பர்களுக்கும் உடன்பிறந்தவள் என்ற முறையில் என் வணக்கம். அக்காவின் பொறுமை, கைராசி, சிரித்த முகம் எல்லாவற்றையும் அவருடைய மகன் முன்பக்கத்தில் எழுதிவிட்டான். அவன் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. அக்காவை வேறொருத்தியோடு பங்குபோட்டுக்கொள்ள எனக்குக் கடைசிவரை மனம் வரவில்லை. அதை நான்தான் எழுத வேண்டும்.

அக்கா தெரணியகலைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், லயத்து வரிசை வீட்டில் பிறந்தார். நான் பால்குடி மறக்கும் முன்பே அம்மா போய்விட்டார். அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்து பறிக்கப் போனார். என்னைக் குளிப்பாட்டியதும் சோறூட்டியதும் அவர்தான். நான் வளர்ந்ததும் அவருக்குப் பக்கத்து நிரையில் கூடை மாட்டினேன். என் கை பிந்தினால் என் நிரையிலும் நாலு செடியைக் கிள்ளிக் கொடுத்துவிட்டுத்தான் முன்னே போவார். கங்காணி சத்தம் போட்டால், "எந் தங்கச்சிங்க. நான் பறிச்சுக் குடுக்காம வேற யாரு குடுப்பா?" என்பார்.

மருந்துத் தண்ணீர் காய்ச்சுவதில் அக்காவுக்குத் தனி ஆசை. மழையில் நனைந்து வந்தவர்களுக்குக் கொத்தமல்லியும் இஞ்சியும். வெயிலில் வாடியவர்களுக்கு ஆவாரம்பூ. குழாயடியில் சண்டை போட்டுவிட்டு வந்தவர்களுக்கு நன்னாரி. "குடிங்க, சூடு எறங்கட்டும்" என்று கித்துள் மரத்துக் கருப்பட்டித் துண்டு ஒன்றையும் கையில் வைப்பார். அதைக் கடித்துக்கொண்டு குடித்தால் மறுபடியும் மலையேறத் தெம்பு வந்துவிடும்.

பிறகு என்னைக் கொடகவெலப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். அடுத்த பொங்கலுக்கு நான் வந்தபோது என் நிரையில் சோமாவதி நின்றாள். தோட்டத்துக்குக் கீழே உள்ள சிங்களக் கிராமத்துப் பெண். அக்கா அவளை "நங்கி" என்று கூப்பிட்டார். சிங்களத்தில் நங்கி என்றால் தங்கச்சி. நான் இருக்க இன்னொரு தங்கச்சியா?

அதோடு நின்றதா? குசினியில் இருந்த டப்பாக்களின் பெயர்கள்கூடச் சிங்களத்துக்கு மாறிப்போயிருந்தன. ஆவாரம்பூவை அக்கா ரணவரா என்றார். நன்னாரியை இரமுசு என்றார். புதிதாக ஒரு டப்பாவில் காய்ந்த பூ இருந்தது.

"இது என்னாக்கா?"

"பெலிமல். வில்வப் பூ. நங்கி வீட்டு மரத்தோடது. ஒடம்பு அசதிக்கு இத மிஞ்ச ஒண்ணுமில்ல."

"வில்வப் பூன்னே சொன்னா என்னாவாம்?"

"அவ கொண்டாந்து குடுத்தா, அவ வாயில வர்ற பேரச் சொல்றேன். ஒனக்கு ஏன்டி மொகம் சுருங்குது?"

நான் டப்பாவை மூடி வைத்தேன். ஆவாரம்பூவும் நன்னாரியும் எனக்கு உடம்பு சரியில்லாதபோதெல்லாம் அக்காவின் வாயில் கேட்டு வளர்ந்த சொற்கள். அவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டாரே என்றிருந்தது.

அக்காவும் அத்தானும் பாடுபட்டு இரண்டு பிள்ளைகளை ஆளாக்கினார்கள். மண் சரிந்து லயத்தின் பின்சுவர் விழுந்த மழைக்காலத்தில் குடும்பத்தோடு பள்ளிக்கூடத்தில் போய்க் கிடந்தார்கள். அங்கேயும் அக்கா கல் கூட்டி அடுப்பு மூட்டி, வந்திருந்த எல்லோருக்கும் கொத்தமல்லி காய்ச்சினார். அப்போது சாமான்களைச் சுமந்து சேர்த்தவள் சோமாவதி. பஸ் ஓடாததால் என்னால் வர முடியவில்லை. அதை அவள் ஒருநாளும் என்னிடம் சொல்லிக்காட்டியதில்லை. காட்டியிருந்தால் சண்டை போட எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

அக்கா படுக்கையில் விழுந்ததும் நான் பெட்டியோடு வந்து தங்கிவிட்டேன். இனி அக்கா எனக்கு மட்டும்தான் என்று நினைத்தேன். சத்துமா, தோடம்பழச் சாறு, கோழி சூப் என்று எதைக் கொடுத்தாலும் ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை. பின்னேரம் சோமாவதி பிளாஸ்க்கில் பெலிமல் காய்ச்சி எடுத்து வருவாள். "அக்கே, டிக்கக் குடிங்க அக்கே" என்று அரைத் தமிழில் கெஞ்சுவாள். டிக்கக் என்றால் கொஞ்சம். அக்கா எழுந்து உட்கார்ந்து கொஞ்சமல்ல, நிறையவே குடிப்பார்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் நானே பெலிமல் காய்ச்சக் கிளம்பினேன். வில்வம்தானே, நம் கோயிலில் இல்லாத மரமா? பூசாரி ஐயாவிடம் கேட்டு ஒரு பிடி இலை பறித்துவந்து கொதிக்கவிட்டேன். பூவானால் என்ன, இலையானால் என்ன என்ற அவசரம். அக்கா ஒரு மிடறு குடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னாடி இது?"

"பெலிமல்தான்க்கா. கோயில் மரத்து எலை."

"அடிப்பாவி, சாமிக்குப் போடுற எலையடி! நான் இன்னும் போகவே இல்ல, அதுக்குள்ள பூசை பண்றியா?"

சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்தது. ஆனாலும் கோப்பையைத் திருப்பித் தரவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டே அடிவரை குடித்தார். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. அடுத்த நிமிடமே, "வாயெல்லாம் கசக்குதுடி, நங்கி வந்துட்டாளான்னு பாரு" என்றார். அந்தச் சந்தோஷமும் போயிற்று.

சில நாட்களில் அக்கா என் மடியில் தலைவைத்தபடியே போய்ச் சேர்ந்தார். அதையாவது நான் யாருக்கும் பங்கு கொடுக்கவில்லை.

வாய்க்கரிசி போடும் நேரம் வந்தது. உறவுமுறைக்காரர்கள் மட்டும் போடுவது வழக்கம். அது தெரிந்து சோமாவதி வெள்ளைச் சேலையில் வாசலோடு ஒதுங்கி நின்றாள். அத்தான் அவளை உள்ளே கூப்பிட்டார். சடங்கு செய்தவர், "அந்தம்மா என்னா மொறைங்க?" என்று கேட்டார். அத்தான் என்னைப் பார்த்தார். கூடியிருந்த எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் அரிசித் தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் போட்டதில் பாதி அரிசி கீழே சிந்திவிட்டது.

அக்காவுக்கு வைத்தியம் பார்த்தவர்களுக்கும், அவரைச் சுமந்து சென்ற தோட்டத்து இளைஞர்களுக்கும், கீழ்க் கிராமத்திலிருந்து வந்து பந்தல் போட்டவர்களுக்கும், துக்க வீட்டுக்குச் சமைத்துத் தந்த லயத்துப் பெண்களுக்கும், தூர இடங்களிலிருந்து வந்து துயரில் பங்கெடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி.

இந்த நன்றியில் சோமாவதியின் பெயரைத்தான் அக்காவின் மகன் முதலில் எழுதியிருந்தான். நான் அதை அடித்துவிட்டேன். "சின்னம்மாவுக்கு இன்னுமா பொறாமை?" என்று கேட்டான். பொறாமை இருக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் கூடப்பிறந்தவளுக்கு மலரில் நன்றி எழுதுகிற வழக்கம் நம்மிடம் இல்லை.