வெல்வெட் அண்ணன் கண்ட புள்ளி

லேசரை நேர் செய்துகொண்டிருந்த அண்ணனிடம், பாதுகாப்புக் கண்ணாடி ஏன் போடவில்லை என்று கேட்டேன். போட்டால் பச்சை ஒளியே தெரியாது, தெரியாததை எப்படி நேர் செய்வது என்றார். கேமராவில் பார்க்கலாமே என்றேன். கேமராவுக்குக் கை இருந்தால் தன்னை எப்போதோ வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள் என்று சிரித்தார். பிறகு சுவரில் விழுந்த படத்தைக் காட்டி, சும்மா கேட்பதுபோல் கேட்டார்.

"நடுவுல ஒரு புள்ளி தெரியுதாம்மா?"

இல்லை என்றேன். "அப்ப சரி" என்று விளக்கைப் போட்டார்.

அவரை எல்லோரும் வெல்வெட் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் ஆய்வுக்கூடத்தில் சுவரில் படம் காட்டும் கருவி ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். டிவி திரையில் இருக்கும் அதே திரவப் படிகத்தை லேசருக்குள்ளேயே, ஒளி போய்வரும் இரண்டு ஆடிகளுக்கு நடுவே வைத்துவிட்டால் படம் உள்ளேயே உருவாகும். இருண்ட பகுதிக்கு வேண்டாத ஒளி வெளிச்சப் பகுதிக்குப் போய்ச்சேரும். அதற்கான கண்ணாடித் தகடுகளை வெல்வெட் துணியால் ஒரே திசையில் தேய்த்து, லேசருக்குள் பொருத்துவது அவர் வேலை. தேய்த்த திசையில்தான் படிகம் வரிசைகட்டி நிற்கும். பல வருடமாக அதே இருட்டறை. மனைவி இறந்துவிட்டார், மகள் வேறு நாட்டில். சீக்கிரம் கிளம்பச் சொன்னால், வீட்டில் யாரோடு பேசுவது, ஃபிரிட்ஜோடா என்பார்.

அந்த மாதம் நடுவில் புள்ளி இருப்பதாக நான்கு தகடுகளை ஒதுக்கினார். மைக்ரோஸ்கோப்பில் ஒரு தூசிகூட இல்லை. நிலாவைக் கொடுத்தாலும் கறை இருக்கிறதென்று அண்ணன் திருப்பி அனுப்பிவிடுவார் என்று மற்றவர்கள் கிண்டலடித்தார்கள். ஒருநாள் லேசர் அணைந்திருந்தபோது, வெறும் சுவரைப் பார்த்து அவர் ஒவ்வொரு கண்ணாக மூடித் திறப்பதைக் கண்டேன். புள்ளி தகட்டில் இல்லை.

கேட்டதும் மறைக்கவில்லை. ஆடியைத் திருப்பும்போது கதிர் தெறித்து வலது கண்ணில் பட்டதாம். வெளியே தெரிந்தால் ஸ்டோருக்கு மாற்றிவிடுவார்கள், அட்டைப்பெட்டிகளோடு உட்கார வேண்டியதுதான் என்றார். டாக்டரிடம் போகாவிட்டால் நானே சொல்லிவிடுவேன் என்றேன். இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் கண் மருத்துவமனைப் படிவம் ஒன்றை என் மேசையில் வைத்தார். எப்படி நேர்ந்தது என்ற இடத்தில் உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தார். ஒரு கட்டம் மட்டும் காலி.

"கூட வர்றவங்க பேரு கேக்குறாங்கம்மா. உன் பேரைப் போட்டுக்கட்டுமா?"